சாட்சி சொல்லாத சிவப்புத் துண்டு

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தைய ஆண்டு, மாசி மாதம். அருப்புக்கோட்டையை விட்டுத் தள்ளி, பரளச்சிப் பக்கம் பருத்தி மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கிராமங்களில் முகாம் போட்டு விசாரணை நடத்தும் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பிற்பாடு பத்திரிகை வேலைக்குப் போய்க் கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று எத்தனையோ எழுதிவிட்டேன். எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இன்றும் கெடுப்பது, அந்தக் கிட்டங்கியில் பட்டப்பகலில் என் கை எழுதிய ஒன்பது இங்கிலீஷ் வார்த்தைகள்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சி தமிழில் பேசுவார். ரிக்கார்டு இங்கிலீஷில் இருக்க வேண்டும். சட்டப்படி மாஜிஸ்திரேட்டே தம் கையால் எழுத வேண்டும். ஆனால் எங்கள் மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் பாக்கி. அதனால் கேள்வியை அவர் கேட்பார், பதிலை நான் எழுதுவேன், கையெழுத்து அவர் போடுவார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

என் இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து வந்த இங்கிலீஷ். எழுதத் தெரியும், வாசிக்கத் தெரியும்; அதில் நினைக்கத் தெரியாது. கேட்டதை மனதுக்குள் திருப்பிப் போட்டு, வார்த்தை தேடி எழுதி முடிப்பதற்குள் சாட்சி அடுத்த மூன்று விஷயங்களைச் சொல்லியிருப்பார். மூன்று வரை தலையில் நிற்கும். நாலாவது வந்தால் முதலாவது விழுந்துவிடும். அதற்காக ஒரு வழி வைத்திருந்தேன். சாட்சி சொல்லும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே ஒரு தமிழ் வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் விரித்து எழுதுவேன். யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு. பழைய கவர்களைப் பிரித்து வெட்டிய சீட்டுகள் அவை. இரண்டு பக்கமும் எழுதுவேன்.

எழுதி முடித்ததும் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். சாட்சி சரி என்று ஒப்புக்கொண்டு ரேகை வைக்க வேண்டும். தவறு நேர்ந்தால் பிடித்துக்கொள்வதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அன்று காலையில் ஒரு மாட்டுத் திருட்டு கேஸ். பிற்பகலில் ஒரு தீ வைப்பு கேஸ். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

தீ வைப்பு இப்படி. நிலம் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரியின் சோளத்தட்டைப் படப்பு, மாட்டுத் தீவனத்துக்காக அடுக்கிய போர், நடுப்பகலில் எரிந்துபோயிருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு உழவு மாடுகள் கயிற்றை அறுக்க முடியாமல் கருகிச் செத்திருந்தன. அதற்கு நாலு நாள் முன்னால், தம் கிணற்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று அந்தச் சம்சாரி ஒரு வண்டிக்காரரைத் தடுத்திருக்கிறார். வண்டிக்காரர் ஊர் கேட்க ஏதோ சபித்திருக்கிறார். போலீஸ் அவரைப் பிடித்தது. குற்றம் நிரூபணமானால் சில வருஷம் ஜெயில். வாரண்டுக்கு முந்தின நாள் வரை அவருடைய வண்டிதான் அந்தப் பக்கத்துப் பருத்தியை விருதுநகருக்குக் கொண்டுபோனது.

முக்கியமான சாட்சி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மிஷன் கோயில் சபையைச் சேர்ந்தவர் என்பதால் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

கிட்டங்கியின் தகரக் கூரை வெயிலில் விரிந்து டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பஞ்சிழை பேனா நிப்பில் சிக்கி எழுத்துகளுக்கு மயிர் முளைத்தது. துடைத்துத் துடைத்து எழுதினேன்.

"உச்சி நேரம் எசமான். காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். புகை வாடை அடிச்சுச்சு. திரும்பிப் பாத்தா படப்பு எரியுது. ஓடைக்கரை மேல ஒரு ஆளு வெரசாப் போறாரு. முதுகுதான் தெரிஞ்சுச்சு. நடை இந்த வண்டிக்காரவுக நடை மாதிரி இருந்துச்சு. மொகத்தப் பாக்கல. பாக்கலன்னா பாக்கலன்னுதான் சொல்லணும், வேதத்து மேல கை வச்சிருக்கேன். அதுக்குள்ள மாடு ரெண்டும் கத்துச்சு பாருங்க..."

வாசலில் நின்ற கோர்ட்டுச் சேவகர், டவாலி, குறுக்கே வந்தார். "ஏத்தா, மெதுவாச் சொல்லு. நீ ரயிலு விடுற. குமாஸ்தா ஐயா மாட்டு வண்டியில வாராக."

"படப்பு மெதுவாவா எரிஞ்சுச்சு?" என்றார் அந்த அம்மாள். மாஜிஸ்திரேட்கூடச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. படப்புக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று தேடிக்கொண்டிருந்தேன். வைக்கோலுக்கு ஒரு வார்த்தை தெரியும். சோளத்தட்டைக்குத் தெரியாது. அந்தத் தேடலில் தலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரன் தூங்கினாலும் பழகின மாடு வண்டியை இழுத்துக்கொண்டு போகும் அல்லவா, அப்படி.

எழுதி முடித்து வாசித்தேன். அந்த அம்மாள் கதை கேட்பவர்போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ம்" கொட்டினார். "தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார்" என்று வாசித்தபோது "ம்" வரவில்லை.

தலையை ஒரு பக்கம் சாய்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அப்படி எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கும்மா."

கூரை மூன்று முறை சத்தம் போட்டது. பிறகு "ம்" என்றார். ரேகை வைத்தார்.

அந்த இடைவெளியை நான் கவனித்தேன். அந்த அம்மாள் வெயிலில் களைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து அதே இடத்தில் அடுத்த வாய்தா. இரண்டாவது சாட்சி ஆடு மேய்ப்பவர். போலீஸிடம் முதலில் அவர் சொல்லியிருந்தது, தூரத்தில் ஒரு ஆள் போனதைப் பார்த்தேன் என்பது மட்டும்தான். இப்போது யாரும் கேட்காமலே, "தலையில செவப்புத் துண்டு கட்டியிருந்தாரு எசமான்" என்றார். ஏட்டு ஒரு சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வண்டிக்காரரின் வண்டியில் அகப்பட்டதாம். கேஸ் சொத்து என்று நானே ஒரு சீட்டு எழுதி அதில் கட்டினேன். ஓரம் கிழிந்து, வியர்வையில் வெளுத்த துண்டு. சாதாரணத் துண்டு. அந்தச் சீமையில் எந்த வண்டியைச் சோதித்தாலும் அப்படி ஒன்று கிடைக்கும் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் இரண்டு கேஸ்களுக்கும் நகல் எடுக்க உட்கார்ந்தேன். மாட்டுத் திருட்டை முடித்துவிட்டுத் தீ வைப்பை எடுத்தேன். பாதியில் கை நின்றது. இந்த வாக்கியத்தைச் சற்று முன்தான் எழுதினோமே என்று தோன்றியது. திருப்பிப் பார்த்தேன். மாட்டுத் திருட்டு சாட்சி, திருடன் தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்ததாகச் சொன்னதை நான் எழுதிய வாக்கியம், ஒன்பது வார்த்தை, அதே வரிசை, ஒரு எழுத்துக்கூட மாறாமல் தீ வைப்பு வாக்குமூலத்தில் இருந்தது.

சீட்டைத் தேடி எடுத்தேன். அந்த அம்மாள் பேசியபோது குறித்தது: பருத்தி, புகை, ஓடை, நடை, முகம் இல்லை, மாடு. ஆறு வார்த்தைகள். துண்டு இல்லை.

ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். மட்டமான யுத்த காலக் காகிதம். மறுபக்கத்தில் காலையில் குறித்த மை இந்தப் பக்கம் ஊறியிருந்தது. 'நடை'க்கும் 'முகம்' என்பதற்கும் நடுவே, மங்கலாக, இடம் வலம் மாறி, 'துண்டு' என்று தெரிந்தது. என் கண் அதைப் பார்த்ததா, அல்லது காலையில் பாடுபட்டுக் கட்டின வாக்கியம் கையிலேயே தங்கியிருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்தத் துண்டை உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. நான் எழுதினேன். பிறகு ஒருவர் அதற்கு "ம்" கொட்டினார், இன்னொருவர் அதைப் பார்த்ததாகவே சொன்னார், கடைசியில் அது மேஜைக்கே வந்துவிட்டது.

மறுநாள் அந்த அம்மாளைத் தேடிப் போனேன். குமாஸ்தா சாட்சியிடம் தனியாகப் பேசக் கூடாது. தெரிந்தேதான் போனேன். கரிசல் காட்டில் தனியாகப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் புஞ்சையில் படப்பு எரிந்த இடம் கருப்பு வட்டமாகத் தெரிந்தது.

"அம்மா, அன்னைக்கு நீங்க சிவப்புத் துண்டுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் வாசிக்கிறதுக்கு முந்தியே சொன்னீங்களா?"

கையிலிருந்த பருத்தியை மடியில் போட்டுக்கொண்டார். "நீங்க வாசிக்கும்போதுதான் எனக்கு ஞாபகமே வந்துச்சு. அதுவரைக்கும் மறந்தில்ல போயிருந்தேன். இப்பக் கண்ண மூடுனாத் தெரியுதுய்யா. ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. காத்துல நுனி ஆடுச்சு."

ஓரம் கிழிந்த துண்டு. மேஜையில் இருக்கும் துண்டை அவர் பார்த்ததில்லை. ஆடு மேய்ப்பவர் ஊரில் சொல்லியிருக்கலாம், ஏட்டு சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுப்பகல். நிழலே இல்லாத காடு. ஆனாலும் என் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போல இருந்தது.

"அது நான் தப்பா எழுதினதும்மா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இங்கிலீசுல எழுதியிருக்கு. எம்புட்டுப் படிச்சவுக நீங்க. அது எப்படித் தப்பாகும்? வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க."

அன்று மாலையே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். சொன்னால் என் வேலை போகும். எழுதியது என் கை என்று வெளியே வந்தால் அவருடைய பென்ஷனுக்கும் ஆபத்து. என் சம்பளத்தில் வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டார்கள். இதையெல்லாம் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். வண்டிக்காரர் ஜெயிலுக்குப் போனால் ஒவ்வொரு நாளும் அந்தச் சீட்டு என் பையில் இருக்கும் என்பதையும் யோசித்தேன்.

அவர் சீட்டைக் கண்ணுக்கு மிக அருகே வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு அவள் சொன்ன ஞாபகம் இருக்கேப்பா. அவள் குரலிலேயே கேட்கிறது."

கிட்டங்கியில் இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. ஒருவேளை அந்த அம்மாள் சொல்லி, நான்தான் சீட்டில் குறிக்காமல் விட்டேனோ? அந்தக் கணம் நான் உண்மையாகவே என்னைச் சந்தேகித்தேன். காகிதத்தில் இருந்த ஆறு வார்த்தைகள் மட்டும் மாறாமல் இருந்தன.

"அடுத்த வாய்தாவுக்கு அந்தம்மாளைக் கூப்பிடு" என்றார் அவர். பிறகு, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொன்னார்.

அந்த வாய்தாவில் முதலில் வண்டிக்காரரைக் கேட்டார். துண்டை எடுத்துக் காட்டச் சொன்னார். "இது உன் துண்டா?"

"என் துண்டுதான் எசமான்."

"அன்றைக்கு இதைக் கட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போனாயா?"

வண்டிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ரிமாண்டில் இளைத்திருந்தார். "அன்னைக்கு நான் பாலவனத்தத்துக்கு லோடு ஏத்திப் போனேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது அன்னைக்கா, முந்துன நாளான்னு இப்பக் கொழம்புது. அம்புட்டுப் பேரும் பாத்தேங்கிறாக. வேதத்து மேல சத்தியம் பண்ணிச் சொல்றாக. கட்டித்தான் இருப்பேன் போல எசமான். போயித்தான் இருப்பேன் போல."

அதை நான் இங்கிலீஷில் எழுதவில்லை. எழுத முடியவில்லை. மாஜிஸ்திரேட்டும் எழுது என்று சொல்லவில்லை.

அடுத்து அந்த அம்மாள். பழையபடி எல்லாம் சொன்னார். இந்தத் தடவை துண்டையும் சொன்னார். நான் எழுதினேன். "வாசி" என்றார் மாஜிஸ்திரேட். வாசித்தேன். பருத்தி, புகை, ஓடை, துண்டு. ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்தது. பிறகு, காகிதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை, மாஜிஸ்திரேட் சொல்லிவைத்தபடி, அதே குரலில் வாசித்தேன்.

"அவருக்குப் பின்னால் ஒரு நாய் போனது."

"ம்" வரவில்லை. அதே மாதிரி தலையைச் சாய்த்தார். அதே மாதிரி காகிதத்தைப் பார்த்தார். நான் கூரைச் சத்தத்தை எண்ணினேன்.

"ஆமா" என்றார் மெதுவாக. "போச்சு. கருப்பு நாயி."

டவாலி வாயில் வைத்திருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். சம்சாரி, தம் மாடுகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து தரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர், தலை தூக்கினார்.

"அம்மா," என்றார் மாஜிஸ்திரேட், "நாயை நீ சொல்லவில்லை. குமாஸ்தாவும் எழுதவில்லை. நான்தான் வாசிக்கச் சொன்னேன்."

அப்போது வண்டிக்காரர், விழித்துக்கொண்டவர்போல, "எசமான், எங்கிட்ட நாயே கெடையாது" என்றார். இரண்டு மூன்று தரம் சொன்னார். அவ்வளவு நாளில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான் போலும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருகிறவர் மாதிரி, "நான் பாலவனத்தத்துக்குத்தான் போனேன். ஆமா, அன்னைக்குத்தான். கடையாணி தெறிச்சுப்போயி அங்ஙன கொல்லப்பட்டறையில நின்னேன்" என்றார்.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ஒரு வரியில் ஆமாம் என்றார். வண்டிக்காரரை விட்டுவிட்டார்கள். மாஜிஸ்திரேட் அந்த ஒன்பது வார்த்தைகளை அடிக்கச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். எழுதியது யார் கை என்பதையும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். அவரைச் சீக்கிரமே ஓய்வில் அனுப்பினார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதைத் தமிழில் எழுதினேன். படப்புக்கு யார் தீ வைத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அன்று கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது அந்த அம்மாள் வண்டிப் பாதையில் நின்றிருந்தார்.

"ரெண்டு தரம் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேனாய்யா?"

"பொய் என்னோடதும்மா. உங்களோடது இல்ல."

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. "அப்ப, ஓடைக்கரையில நான் பாத்தது யாரு?" என்றார். "துண்டு இல்ல, நாயி இல்ல. அந்த ஆளாவது இருந்தாரா?" பதிலுக்கு நிற்காமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பத்திரிகையில் சேர்ந்த பிறகும் தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதுவதுதான் என் பிழைப்பானது. கேட்ட மொழியில் ஒரு வார்த்தையாவது குறித்துக்கொள்ளாமல் ஒரு செய்திகூட எழுதியதில்லை. சீட்டின் மறுபக்கத்தில் எழுதியதும் இல்லை.

படப்பு எரிந்த அன்று நான் அந்த ஊரிலேயே இல்லை. ஆனால் இப்போது கண்ணை மூடினால் தெரிகிறது: வெள்ளை வெயில், ஓடைக்கரை, விரசாகப் போகிற ஒரு முதுகு, தலையில் நுனி ஆடும் சிவப்புத் துண்டு, பின்னால் ஒரு கருப்பு நாய். துண்டு என் கையில் பிறந்தது, நாய் என் வாயில் பிறந்தது. இரண்டும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த எனக்கே அவை இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன. அதனால்தான் இன்றைக்கும், தேடாமல் தானாக வந்து விழுகிற ஒரு நல்ல வாக்கியத்தைக் கண்டால் பேனாவை வைத்துவிட்டு, இதை யார் சொன்னார்கள் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.